மூன்று மணி நேரத்தின் பொருளியல்

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க, தமிழகத்தின் பல்லாயிரம் வீடுகளில் பேச்சுக் குரல் தாழ்ந்துவிடுகிறது. தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது. உறவினர் வருகை தள்ளிவைக்கப்படுகிறது. வழக்கமாக அந்த நாளையொட்டியே இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய தகுதி நுழைவுத் தேர்வான 'நீட்' நடைபெறுகிறது. நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை எழுதும் தேர்வு அது.

அத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையப் போவதில்லை. தமிழகமே 1984-இல் தொடங்கி 2006 வரை தனக்கென ஒரு நுழைவுத் தேர்வை நடத்தியதையும் பின்னர் அதைக் கைவிட்டதையும் கல்லூரி ஆசிரியனாக அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதுகுறித்துக் கருத்துண்டு. ஆனால், இன்னும் சில நாள்களில் தேர்வறைக்குள் அமரப்போகும் பிள்ளைக்கு அக்கருத்தால் ஒரு மதிப்பெண்ணும் கூடப்போவதில்லை. அப்பிள்ளையின் கவலை வேறு. "எல்லாம் படித்துவிட்டேன் சார். வீட்டில் போட்டால் வருகிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது" என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் என்னிடம் சொல்வதுண்டு. இது சோம்பேறியின் சாக்கு அன்று. நன்றாகப் படித்தவர்களுக்கே அதிகம் நேர்வது.

பொருளியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பற்றாக்குறையான ஒன்றை எப்படிப் பங்கிடுவது என்பதே எங்கள் துறையின் அடிப்படைக் கேள்வி. தேர்வறையில் பற்றாக்குறையானவை இரண்டு: நேரம், கவனம். இவற்றுள் நேரம் எல்லோருக்கும் சமமாக அளக்கப்படுகிறது. கவனம் அப்படியன்று, அச்சம் அதில் ஒரு பங்கைச் சத்தமின்றி எடுத்துக்கொள்கிறது.

பரிசு பெரிதானால் உழைப்பும் பெரிதாகும், விளைவும் சிறக்கும் என்பது பொருளியலின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வுகளில் ஒன்று நம் மதுரைப் பகுதியில்தான் நடத்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. டான் ஏரியலி, யூரி நீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நினா மசார் ஆகிய நால்வர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. கிராமப்புற மக்கள் 87 பேருக்கு நினைவாற்றல், கவனம், கைத்திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆறு விளையாட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு விளையாட்டிலும் அதிகபட்சப் பரிசு 4 ரூபாய். அடுத்த பிரிவினருக்கு 40 ரூபாய். மூன்றாம் பிரிவினருக்கு 400 ரூபாய். ஆறிலும் சிறந்து விளங்கினால் மூன்றாம் பிரிவினர் 2,400 ரூபாய் பெறலாம். அன்றைக்கு அப்பகுதியில் அது ஒருவரின் சுமார் ஐந்து மாதச் செலவுக்குச் சமம். 4 ரூபாய்க்கு ஆடியவர்களும் 40 ரூபாய்க்கு ஆடியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். 400 ரூபாய்க்கு ஆடியவர்கள்தாம் மிக மோசமாகச் செய்தார்கள். (இந்நால்வரில் இருவர் பங்கேற்ற வேறொரு ஆய்வுக் கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒரே ஆய்வைச் சாசனமாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் இக்கருத்துக்கு விளையாட்டுத் துறையிலும் உளவியலிலும் வேறு சான்றுகள் நிறையவே உண்டு.)

இதன் காரணத்தை உளவியலாளர்கள் ஓரளவு விளக்கியிருக்கிறார்கள். ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களையும் குறிகளையும் சிறிது நேரம் ஏந்திப் பிடித்துக்கொள்ளும் நினைவு ஒன்று நமக்கு உண்டு. அது மிகச் சிறிய பலகை. ஒரே நேரத்தில் நான்கைந்து செய்திகளுக்கு மேல் அதில் எழுத இடமில்லை. 'தவறிவிட்டால் அப்பா என்ன சொல்வார்', 'பக்கத்திலிருப்பவன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டானே' என்ற இரண்டு வரிகள் அதில் ஏறிவிட்டால், விசையையும் முடுக்கத்தையும் எங்கே எழுதுவது? படித்தது அழிந்துபோகவில்லை, எடுத்துவைக்க இடமில்லாமல் போகிறது. எழுதி முடித்து வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் விடை பளிச்சென்று நினைவுக்கு வருவது இதனால்தான்.

எனினும், பதற்றமே கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வது தவறான அறிவுரை. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1908-இல் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்றல் மந்தமாகிறது, மிக அதிகமானாலும் குலைகிறது என்று கண்டார்கள். கடினமான வேலைக்கு மிதமான தூண்டுதலே ஏற்றது. தேர்வன்று காலையில் நெஞ்சு சற்று வேகமாகத் துடிப்பது உடல் வேலைக்குத் தயாராகிறது என்பதன் அடையாளம். 'எனக்குப் பதற்றமாக இருக்கிறதே' என்று அந்தப் பதற்றத்தைப் பார்த்துப் பதறுவதுதான் ஆபத்து.

எனவே செய்யக்கூடியது, பந்தயப் பொருளின் பெருமதிப்பைக் குறைப்பது. அது பொய்யாக அமையக் கூடாது. 'இது ஒரு சாதாரணத் தேர்வுதான்' என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது. மாற்று வழியைத் தாளில் எழுதி வைப்பதுதான் உண்மையான குறைப்பு. தமிழகத்தில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், துணை மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் 2 மதிப்பெண்களே அடிப்படை. நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. இவற்றில் எது தனக்குப் பொருந்தும், எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று தேர்வுக்கு முன்பே முடிவு செய்துவிட்ட மாணவியைத் தோல்வி மனப்பான்மை கொண்டவள் என்று சில பெற்றோர் கருதுகிறார்கள். என் கணிப்பில் அவள் தன் கவனத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டவள்.

இனி நேரத்துக்கு வருவோம். 2025 முதல் தேர்வின் அமைப்பு எளிமையாகிவிட்டது: 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். இதில் பொருளியல் மாணவன் முதலில் கவனிப்பது, எல்லா வினாக்களுக்கும் விலை ஒன்றே என்பதைத்தான். அரை நிமிடத்தில் முடியும் தாவரவியல் வினாவுக்கும் 4. ஆறு நிமிடம் விழுங்கும் இயந்திரவியல் கணக்குக்கும் 4. விலை ஒன்றாக இருக்கும்போது செலவு குறைந்த சரக்கை முதலில் எடுப்பவரே புத்திசாலி வணிகர். உயிரியலைச் சுமார் 50 நிமிடங்களில் முடித்து, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 என்று ஒதுக்கினால் 20 நிமிடங்கள் கையில் மிஞ்சும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்த வேண்டியதில்லை. வேதியியலில் தொடங்கினால்தான் சூடுபிடிக்கிறது என்பவர் அப்படியே செய்யட்டும். ஆனால், வரிசையைத் தேர்வறையில் யோசிக்கக் கூடாது. அது பயிற்சித் தேர்வுகளிலேயே முடிவாகியிருக்க வேண்டும். தேர்வறையில் எடுக்க வேண்டிய முடிவுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு அமைதி.

அடுத்தது, மூழ்கிப்போன செலவு. நட்டத்தில் ஓடும் கடையை 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்பதற்காகவே மேலும் பணம் போட்டு நடத்துவோரை நாம் அறிவோம். பல்கலைக்கழகத் தேர்வுகளிலும் நுழைவுத் தேர்வுகளிலும் அறைக் கண்காணிப்பாளராக நின்ற ஆண்டுகளில் இதே காட்சியை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஒரு கணக்கில் மூன்று நிமிடம் செலவிட்டவர் அதை விடமாட்டார். நான்காவது நிமிடம், ஐந்தாவது நிமிடம். பேனா அழுத்தமாகும்; தாளின் ஓரத்தில் எழுதியது அடிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படும்; பிறகு கழுத்தை நிமிர்த்தி மற்றவர்களைப் பார்ப்பார். நான் கவனித்தவரை, பீதி தொடங்குவது பெரும்பாலும் கடினமான வினாவால் அன்று. அதை விட்டுவிட மனம் வராததால். செலவழித்த மூன்று நிமிடம் எப்படியும் திரும்பாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த இரண்டு நிமிடங்களை வேறு எங்கே போட்டால் 4 மதிப்பெண் எளிதில் கிடைக்கும்? ஒன்றரை நிமிடத்தில் வழி புலப்படாத வினாவுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்வது என்ற ஒரே விதியை ஒரு மாதம் பழகினால், கைக்கே அது பழக்கமாகிவிடும்.

தெரியாத வினாவை ஊகிக்கலாமா என்பது அடுத்த குழப்பம். 'தொடவே தொடாதே' என்கிறார் ஓர் ஆசிரியர். 'எதையும் விடாதே' என்கிறார் மற்றொருவர். கணக்கைப் பார்ப்போம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், நான்கில் ஒரு முறை 4 கிடைக்கும். மூன்று முறை 1 போகும். சராசரி ஆதாயம் வினாவுக்குக் கால் மதிப்பெண். ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் ஆதாயம் மூன்றில் இரண்டு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. ஆகவே இரண்டை நீக்கியவர் தயங்காமல் குறிக்கலாம். ஒன்றை நீக்கியவரும் பெரும்பாலும் குறிக்கலாம்.

ஆனால், எதுவுமே தெரியாத வினாவில் அந்தக் கால் மதிப்பெண் வெறும் சராசரி. அப்படி 20 வினாக்களை ஊகித்தால் 5 மதிப்பெண் கூட வேண்டும் என்கிறது கணக்கு. நடைமுறையில் 15 கூடுவதும் 5 குறைவதும் சர்வசாதாரணம். மேலும், வினா அமைப்பவர் தவறான விடைகளைச் சும்மா வைப்பதில்லை. அரைகுறையாக அறிந்தவரின் கண்ணை ஈர்க்கும்படியே வைக்கிறார். அதனால் 'இதுவாக இருக்குமோ' என்ற ஈர்ப்பு, சீட்டுக் குலுக்கிப் போடுவதைவிடவும் மோசமான வழிகாட்டியாக அமைவதுண்டு. மொத்த மதிப்பெண்ணும் பாடவாரி மதிப்பெண்களும் சமமானால், தவறான விடைகளின் விகிதம் குறைந்தவர் தரவரிசையில் முந்துகிறார் என்ற விதியும் இருக்கிறது. எனவே முற்றிலும் அறியாததை விட்டுவிடுவதே என் பரிந்துரை. அதனால் இழப்பது மிகச் சொற்பம், கிடைப்பது நிம்மதி.

வினாத்தாள் கடினமாக இருந்தால் என்ன செய்வது? பொருளியலில் பண மதிப்பு வேறு, உண்மை மதிப்பு வேறு என்போம். பத்து ரூபாய்த் தாளில் அச்சிட்ட எண் மாறுவதில்லை. அதற்கு வாங்கும் திறன் மாறிக்கொண்டே இருக்கிறது. மதிப்பெண்ணும் அப்படித்தான். 2024-இல் இறுதிப் பட்டியலிலும் 17 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025-இல் இயற்பியல் வினாக்கள் கடுமையாக அமைந்தன. நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. முந்தைய ஆண்டில் 650 எடுத்தவர் நின்ற இடமும் அடுத்த ஆண்டில் 650 எடுத்தவர் நின்ற இடமும் ஒன்றல்ல. இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பது தரவரிசை. முதல் பக்கத்திலேயே மூன்று வினாக்கள் புரியாமல் போனால், அதே நிமிடத்தில் 20 லட்சம் பேருக்கும் அவை புரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளலாம். இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. தரவரிசை கணக்கிடப்படும் முறையே அதுதான்.

உடலுக்கும் சில சொற்கள். தேர்வு நடப்பது கோடையின் உச்சத்தில், உணவுக்குப் பிந்தைய தூக்கம் கண்ணை அழுத்தும் வேளையில். மையத்தின் கதவு பிற்பகல் 1.30 மணிக்கு மூடப்படும். பரிசோதனை வரிசைக்காக 11 மணியளவிலேயே பலர் வந்துவிடுகிறார்கள். அதிகாலையில் எழுந்து படித்துப் பழகிய மூளையைத் திடீரென்று பிற்பகலில் ஓடச் சொன்னால் அது முரண்டுபிடிக்கும். ஆகவே கடைசி மூன்று வாரங்களிலாவது பயிற்சித் தேர்வை 2 மணிக்கே தொடங்கி 5 மணிக்கு முடிக்க வேண்டும். கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பழக வேண்டும். காலை பத்தரை, பதினோரு மணிக்கு வழக்கமான உணவு. தேர்வன்று புதிய பலகாரம் எதுவும் வேண்டாம். ஆண்டு முழுவதும் இரண்டு மணிவரை விழித்துப் படித்தவர்களும் அதற்கு முந்தைய ஓர் இரவையாவது தூக்கத்துக்கு விட்டுவிட வேண்டும்.

மனம் திணறும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிடுவது எளிய உபாயம். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலியல் உண்மை. ஐந்தாறு முறை செய்ய ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் வீண் செலவன்று. ஆனால், இதையும் முதன்முதலாகத் தேர்வறையில் முயன்றால் பலிக்காது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் அறிவித்தார்கள். 2018-இல் வெளிவந்த மறுசோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. செலவில்லாத முயற்சி என்பதால் விரும்பியவர் செய்து பார்க்கலாம். மந்திரமாக நம்ப வேண்டாம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தமிழைத் தெரிவு செய்தவர்களுக்கு வினாத்தொகுப்பில் ஆங்கில வடிவமும் உடன் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை என்ற வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண்கள் வழங்க உத்தரவிட்டதும், உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். எனவே ஒரு தமிழ் வாக்கியம் இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லையென்றால், தன் அறிவைச் சந்தேகிக்கும் முன் பக்கத்திலுள்ள ஆங்கிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்துவைப்பது அதற்கான ஆயத்தம்.

விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக்குவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒருமுறை நிரப்பியதை மாற்ற முடியாது. எல்லாவற்றையும் கடைசி கால் மணி நேரத்துக்கு விட்டுவைப்பவர் பெரும் அபாயத்தை ஏற்கிறார். இடையில் ஒரு வினாவை விட்டுவிட்டு ஒரு வரிசை தள்ளி நிரப்பினால், சரியாகத் தெரிந்த விடைகளுக்கும் மதிப்பெண் கழியும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அப்பக்கத்து விடைகளை வினா எண்ணைச் சொல்லிக்கொண்டே நிரப்பிவிடுவது நல்லது. கைக்கு அது சிறிய ஓய்வும்கூட.

இவ்வளவும் தேர்வர் செய்ய வேண்டியவை. ஆனால், அமைதி காப்பது அவர்களின் கடமை மட்டுமே என்பதுபோல் பேசுவது எனக்கு உடன்பாடன்று. கேரளத்தில் 2017-இலும் 2022-இலும் மாணவிகள் உள்ளாடையைக் கழற்ற வேண்டியிருந்தது என்ற புகார்கள் நாட்டையே தலைகுனிய வைத்தன. 2025-இல் இந்தூரிலும் ஆவடியிலும் மழையால் மின்சாரம் தடைபட்ட மையங்களில் எழுதியவர்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. வாசலில் அவமானப்பட்டு உள்ளே வரும் பிள்ளையிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது நியாயமாகுமா? பரிசோதனை கடுமையாக இருக்கட்டும். அதைச் செய்பவரின் குரல் மென்மையாக இருக்கலாம். அறைக்கு ஒரு நல்ல கடிகாரம், ஓடும் மின்விசிறி, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு, குடிநீர்: இவை தேசிய தேர்வு முகமையாலும் மாவட்ட நிர்வாகத்தாலும் செய்ய முடியாதவை அல்ல. கண்காணிப்பாளர்கள் தேர்வின் நடுவே தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி உபகாரம்.

வீட்டினரின் பங்கு இதைவிடப் பெரிது. பயிற்சி மையத்துக்குக் கட்டிய தொகையைத் தேர்வுக்கு முந்தைய வாரம் நினைவூட்டும் பெற்றோர், தம்மை அறியாமலேயே அந்த 400 ரூபாய்ப் பிரிவில் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். அத்தொகையும் மூழ்கிப்போன செலவுதான். தேர்வுக்கு முன்னும், குறிப்பாக முடிவு வெளியாகும் நாளிலும், பிள்ளையின் உறக்கம் கெடுகிறதா, உணவைத் தள்ளுகிறதா, 'நான் இருந்து என்ன பயன்' என்பது போன்ற சொல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படி ஒரு சொல் வந்தால் அதை நாடகம் என்று ஒதுக்கக் கூடாது. உடனே அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். தமிழக அரசின் 104, மத்திய அரசின் 14416 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும். 2017 முதல் இத்தேர்வையொட்டி நாம் இழந்த பிள்ளைகளில் மிக நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள்.

மாலை 5 மணிக்குக் கதவு திறந்ததும் 'எத்தனை வரும்?' என்று கேட்கும் வழக்கத்தையும் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம். அன்றிரவே இணையத்தில் உலவும் விடைக்குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதுண்டு. தேசிய தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பையும் விடைத்தாளின் பிரதியையும் பின்னர் வெளியிடும். ஐயமிருந்தால் கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்க்க அப்போது நேரமிருக்கிறது. அன்று மாலை, வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் தின்ன ஏதேனும் ஒன்றும் இருந்தால் போதும். காலை 11 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை அது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).